கடைசிப் பந்தி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் 'கிறிஸ்தவ வாழ்வும் சுற்றுச்சூழலும்' என்னும் பொருள்பற்றி ஆற்றிய உரை)



இத்தலைப்பை எனக்குத் தந்தபோது நம் செயலாளர் ஓர் எச்சரிக்கையும் சேர்த்தே தந்தார். "இது ஆலயம் அன்று, அவை, பிரசங்கம் வேண்டா" என்றார். முயல்கிறேன். சொல்லாராய்ச்சி இவ்வட்டத்தின் நெடுநாள் வழக்கம் ஆதலின், ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அச்சொல் 'உக்கிராணம்'.

இளைய தலைமுறையினர்க்கு இச்சொல் அயலாகியிருக்கலாம். முன்னாளில் திருமண வீடுகளில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, வெல்லம், வாழையிலை யாவும் அங்கே சேர்த்து வைக்கப்படும். சாவி ஒருவரிடம் இருக்கும். குடும்பத்தார் நம்பிக்கைக்குரிய முதியவர், தாய்மாமனோ சித்தப்பாவோ, அப்பொறுப்பை ஏற்பார். அறையிலுள்ள ஒரு மணி அரிசியும் அவருடையதன்று. ஆயினும் அவர் அளந்து கொடுத்தாலன்றி அடுப்பு எரியாது. அவருடைய திறமை முதற் பந்தியில் தெரியாது. முதற் பந்தியில் தாராளமாகப் பரிமாறுவது யார்க்கும் எளிது. ஊரார் உண்டு, உறவினர் உண்டு, பந்தல் போட்டவரும் மேளம் வாசித்தவரும் பாத்திரம் கழுவியவரும் வந்து அமர்கின்ற கடைசிப் பந்தியில், அவர்கள் இலையிலும் அதே சோறும் அதே குழம்பும் விழுந்தனவா என்பதில்தான் உக்கிராணக்காரரின் மானம் இருக்கிறது.

தமிழ்த் திருமறையை மொழிபெயர்த்த பெரியோர், பிறருடைய உடைமையை நிருவகிப்பவனைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லுக்கு நேராக 'உக்கிராணக்காரன்' என்னும் இச்சொல்லையே வைத்தனர். அக்கிரேக்கச் சொல்லின் முற்பகுதி வீட்டைக் குறிப்பது. பொருளாதாரத்தையும் சூழலியலையும் குறிக்கும் மேனாட்டுச் சொற்கள் இரண்டும் அவ்வீட்டு வேரிலிருந்தே பிறந்தன. லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் எசமான் உக்கிராணக்காரனை அழைத்துக் கணக்குக் கேட்கிறான். உக்கிராணக்காரனிடம் எதிர்பார்க்கப்படுவது உண்மையுள்ளவனாய்க் காணப்படுதலே என்று பவுல் அடிகள் கொரிந்து சபைக்கு எழுதுகிறார். இப்பூமி ஓர் உக்கிராண அறை. சாவி சிறிது காலம் நம் கையில் இருக்கிறது. நமக்குப்பின் பந்தியில் அமரப்போகிறவர்கள் வெளியே காத்திருக்கின்றனர். நான் சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சிய நேரத்தில், அக்கணக்கு நாள்தோறும் எந்த ஏட்டில் எழுதப்படுகிறது என்பதைப் பார்ப்போம்.

இக்கணக்கைக் கிறிஸ்தவர்கள் சரிவர எழுதவில்லை என்னும் குற்றச்சாட்டு 1967-ஆம் ஆண்டிலேயே உலக அரங்கில் ஓங்கி ஒலித்தது. இடைக்காலத் தொழில்நுட்ப வரலாற்றில் வல்லவரான அமெரிக்க அறிஞர் லின் ஒயிட், 'சயன்ஸ்' என்னும் அறிவியல் இதழில் அவ்வாண்டு ஒரு கட்டுரை எழுதினார். மரத்திலும் ஊற்றிலும் குன்றிலும் தெய்வம் உறைவதாக நம்பிய பழைய மனிதன், மரத்தை வெட்டுமுன் அஞ்சினான். அத்தெய்வங்களை அப்புறப்படுத்திய மேனாட்டுக் கிறிஸ்தவம் அவ்வச்சத்தையும் அப்புறப்படுத்தியது. இயற்கை முழுவதும் மனிதனுக்காகவே என்னும் எண்ணம் கோடரிக்கு உரிமைச் சீட்டு ஆயிற்று. இதுவே அவர் வாதத்தின் சாரம். அவர் கிறிஸ்தவத்தின் பகைவர் அல்லர். தாமும் ஒரு சபையைச் சேர்ந்தவரே. மாற்று வழிகாட்டியாக அவர் சுட்டியவரும் அசிசி நகரப் பிரான்சிஸ் என்னும் கிறிஸ்தவத் துறவியே.

காடழித்த நாடுகள் எல்லாம் கிறிஸ்தவ நாடுகள் அல்ல என்று இதற்கு மறுமொழி கூறலாம். அது உண்மையே. ஆயினும் அம்மறுமொழி நம் மனத்திற்கு அமைதி தருவதில்லை. நம் ஊர்ப்புறங்களில் கோயிற்காடு என்று ஒதுக்கப்பட்ட தோப்புகளில் சுள்ளி ஒடிக்கவும் மக்கள் அஞ்சினர். மரத்தில் தெய்வமும் இல்லை, பேயும் இல்லை என்று நம் முன்னோர்க்குச் சபை கற்பித்தது. அந்த அச்சத்திலிருந்து விடுபட்டது நன்றே. ஆனால் அச்சத்தை எடுத்த இடத்தில் எதை வைத்தோம்? அன்பை வைத்திருக்க வேண்டும். நாம் பல வேளைகளில் விலையை வைத்தோம். இக்கேள்விக்கு விடை தேடியே திருமறையைத் திரும்பவும் திறக்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் பூமியைக் கீழ்ப்படுத்தவும் உயிர்களை ஆண்டுகொள்ளவும் மனிதனுக்கு ஆணை தரப்படுகிறது. லின் ஒயிட் சுட்டியதும் அதனையே. ஆனால் இரண்டாம் அதிகாரத்தில், மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்தபோது அவனுக்குத் தரப்பட்ட வேலை இரண்டு சொற்களில் கூறப்படுகிறது: பண்படுத்துதல், காத்தல். ஆளுகை என்பது எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதற்கு இவ்விரு சொற்களே உரை. முதற்சொல்லுக்கு எபிரேய மூலத்தில் உள்ள வினை, ஊழியம் செய்தலையும் குறிக்கும். ஆள வந்தவன் ஊழியனாகவே தோட்டத்திற்குள் நுழைகிறான்.

இரண்டாம் சொல்லாகிய 'காத்தல்' இன்னும் ஆழமானது. அதன் எபிரேய வடிவம் 'ஷாமர்'. திருமறையில் அச்சொல் வரும் வேறு இரண்டு இடங்களை மட்டும் காட்டுகிறேன். தம்பி ஆபேலைக் கொன்ற காயீனிடம், உன் சகோதரன் எங்கே என்று ஆண்டவர் கேட்கிறார். என் சகோதரனுக்கு நான் காவலனா என்று அவன் எதிர்க்கேள்வி கேட்கிறான். அக்காவலும் இதே சொல்லிலிருந்து வருவது. எண்ணாகமத்தின் 6-ஆம் அதிகாரத்தில் குருவாகிய ஆரோன் மக்கள்மேல் கூற வேண்டிய ஆசிமொழி தரப்பட்டுள்ளது. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கவேண்டும் என்பது அதன் தொடக்கம். பல ஆலயங்களில் வழிபாட்டின் இறுதியில் இன்றும் ஒலிப்பது அந்த ஆசிமொழியே. அங்கும் வினை இதுவே. தோட்டத்தைக் காக்கும் வேலை, சகோதரனைக் காக்கும் வேலை, ஆண்டவர் நம்மைக் காக்கும் அருள் ஆகிய மூன்றும் ஒரே சொல்லால் வழங்கப்படுகின்றன. ஆண்டவர் என்னைக் காக்க வேண்டும் என்று தலைவணங்கி ஆசி பெறுகிறவன், தோட்டத்திற்கு நான் காவலனா என்று வாசலில் கேட்பானாயின், அவன் காயீனின் கேள்வியையே கேட்கிறான்.

இது பெரிய தத்துவமாகத் தோன்றலாம். திருமறை இதைத் தத்துவமாக விட்டுவைக்கவில்லை. வயலுக்கும் தோப்புக்கும் பறவைக் கூட்டுக்கும் உரிய சிறு சிறு விதிகளாக்கித் தந்திருக்கிறது. அறுவடையின்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்கலாகாது. உதிர்ந்த கதிரைப் பொறுக்கலாகாது. அது ஏழைக்கும் அயலானுக்கும் உரியது என்பது லேவியராகமம் 19. ஒரு நகரைப் போர்க்காலத்தில் முற்றுகையிட்டாலும் அதன் கனிமரங்களைக் கோடரியால் வெட்டலாகாது என்பது உபாகமம் 20. வழியில் ஒரு கூட்டைக் கண்டால் தாய்ப்பறவையையும் குஞ்சுகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாகாது என்பது உபாகமம் 22. ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்திற்கு ஓய்வு தரவேண்டும் என்பது லேவியராகமம் 25. அவ்வோய்வை மக்கள் மறுத்தபோது, அவர்கள் பாபிலோனுக்குச் சிறைபோன பின் ஆளற்றுக் கிடந்த நிலம், தனக்கு வரவேண்டிய ஓய்வுநாள்களைத் தானே எடுத்துக்கொண்டது என்று நாளாகமம் எழுதுகிறது. கடன்காரனிடம் வட்டியோடு வசூலிப்பதுபோல நிலம் தன் ஓய்வை வசூலித்தது. யூரியாவும் ஆழ்குழாய்க் கிணறும் கொண்டு ஓய்வின்றி உழைக்க வைத்த நம் வயல்களை எண்ணும்போது, இவ்வரியை எளிதில் கடந்துபோக என்னால் இயலவில்லை.

நற்செய்தியிலும் இவ்விதியின் தொடர்ச்சியைக் காணலாம். ஐயாயிரவருக்கு உணவளித்தபின் இயேசுநாதர் சீடர்களிடம், ஒன்றும் வீணாகாதபடி மீந்த துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார் என்று யோவான் எழுதுகிறார். அற்புதம் செய்து அப்பத்தைப் பெருக்க வல்லவர் துணிக்கையை ஏன் பொறுக்கச் சொன்னார்? இன்னொருமுறை பெருக்கிக்கொள்ளலாமே! கொடுக்கும் கை பெரிது என்பதற்காகச் சிந்துவதற்கு நமக்கு உரிமை வந்துவிடவில்லை என்பதே அதன் பாடம்.

இங்கே ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். "உலகம் முடிவுக்கு வரப்போகிறது; ஆண்டவர் வரப்போகிறார்; அழியப்போகும் மண்ணை ஏன் காக்க வேண்டும்?" என்று கேட்கிற விசுவாசிகள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பக்தியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வருகையைப் பற்றி இயேசுநாதர் சொன்ன உவமையையே அவர்கள் முன் வைக்கிறேன். மத்தேயு 24-இல், எசமான் திரும்பி வரும் நாழிகை வேலைக்காரனுக்குத் தெரியாது. வரும்போது அவன் எந்த நிலையில் காணப்பட வேண்டும்? வீட்டாருக்கு ஏற்ற வேளையில் உணவு கொடுத்துக்கொண்டிருப்பவனாய்க் காணப்பட வேண்டும். எசமான் வர நாளாகும் என்று எண்ணி உடன் வேலைக்காரரை அடித்துக் குடித்துக் கூத்தாடுகிறவனே தண்டனை பெறுகிறான். வருகையை நம்புகிறவன் உக்கிராண அறையைக் கூடுதல் கவனத்தோடு பூட்டி வைப்பான்; கதவை அகலத் திறந்து போட்டுவிட்டுப் போகமாட்டான்.

இனி, இக்கணக்கு நம் மண்ணில் எழுதப்பட்ட வகையைப் பார்ப்போம். கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தவர் திருவள்ளுவர். இறைவனுக்கு அடுத்த இடம் மழைக்கு. அம்மரபில் ஊறிய மொழியில் பாட வந்த வீரமாமுனிவர், தேம்பாவணியின் முதற் படலத்தை நாட்டுப் படலமாகவே அமைத்தார். இத்தாலியில் பிறந்து, யூதேய நாட்டைப் பாட முற்பட்டவர், தமிழ்க் காப்பிய முறைப்படி மழையும் ஆறும் வயலும் பாடிய பின்னரே கதைக்குள் செல்கிறார். நிலத்தைப் பாடாமல் மீட்பின் கதையைத் தமிழில் சொல்ல இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். புலவர்கள் உணர்ந்ததை நம் தாய்மார்கள் அடுப்பங்கரையில் செய்துவந்தனர். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் போடும் பிடியரிசிக் காணிக்கையைச் சொல்கிறேன். இருப்பது சிறிதாயினும் அனைத்தும் எனக்கே என்று கொள்ளாமல், முதற்பிடியை ஒதுக்கும் பழக்கம் அது. லேவியராகமம் வயலோரத்தில் விட்டுவைக்கச் சொன்னதை, வயலில்லாத பெண்கள் அரிசிப் பானையின் ஓரத்தில் விட்டுவைத்தனர்.

தென்பாண்டி நாட்டில் இவ்வாழ்வுக்கு ஒரு மரம் துணை நின்றது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் தேரி நிலத்தை அறிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். காற்றுக்கு இடம்பெயரும் செம்மணல். கோடையில் கால் வைக்க முடியாத சூடு. அம்மணலில் எவரும் நீர் ஊற்றாமல் நின்றது பனை. 1841-இல் இடையன்குடிக்கு வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மணலில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை உலகுக்குத் தந்தார் என்பதை இலக்கிய அன்பர்கள் அறிவீர்கள். அவரைச் சுற்றியிருந்த சபை பெரும்பாலும் பனையை நம்பி வாழ்ந்த சபை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீர். அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி. நுங்கு, பழம், கிழங்கு. ஓலையில் பெட்டியும் கடகமும் பாயும் கூரையும். நாரில் கயிறும் கட்டிலும். முற்றிய மரத்தில் வீட்டுக்கு உத்திரம். அவ்வூர்களில் பல ஆலயச் சுவர்கள் கருப்பட்டிக் காசில் எழுந்தவை. குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் ஏந்திச் சென்றதும் பனங்குருத்தே. எருசலேமின் பேரீச்சைக்கு நம் ஊர்ப் பனை பதிலாள் ஆயிற்று.

பழமையைப் பேசும்போது அதன் வலியை மறைப்பது உண்மையாகாது. காலில் தளைநார் பூட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டி கட்டி, ஒரு நாளைக்கு இருமுறை மரத்துக்கு மரம் ஏறி இறங்கியவர்களின் நெஞ்சும் கையும் காய்த்துப்போயிருந்தன. விழுந்து மாண்டவர்கள் உண்டு, முடமானவர்கள் உண்டு. அவ்வுழைப்புக்குச் சமூகம் தந்த மரியாதையோ இழிசொல். தம் பிள்ளைகள் ஏறக்கூடாது என்றே அவர்கள் கருப்பட்டி விற்றுப் பள்ளிக்கு அனுப்பினர். பிள்ளைகள் படித்தோம், ஆசிரியரானோம், எழுத்தரானோம், அயல்நாடு சென்றோம். அதில் தவறில்லை. தவறு பின்னர் நிகழ்ந்தது. ஏறுவார் இல்லாத மரம் பயனற்றது என்று கணக்கிட்டு, செங்கற்சூளைக்கு விறகாக விற்றோம். நம்மை ஏற்றிவிட்ட ஏணியை நாமே எரித்தோம். தமிழ்நாட்டின் மாநில மரம் அது. 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. பனையால் எழுந்த சபைகள் அதற்கு முன்பே அவ்விதியைத் தமக்குத் தாமே விதித்திருக்கலாம். உபாகமம் 20 நம் கையில் இருந்தது.

ஆற்றின் கதையும் அதுவே. தாமிரபரணியில் மணல் அள்ளப்பட்டபோது, இரு கரைகளிலும் ஆலயங்கள் இருந்தன. கோவில்களும் பள்ளிவாசல்களும் இருந்தன. ஶ்ரீவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமை இயக்கத் தலைவர் இரா. நல்லகண்ணு, முதிய வயதில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாமே வாதாடினார். 2010-இல் அவ்வாற்றில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை பிறந்தது. நல்ல சமாரியன் உவமையை நாம் ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு குரு விலகிப் போனார். லேவியன் விலகிப் போனான். நாம் எதிர்பாராத ஒருவன் நின்று காயம் கட்டினான். அன்று ஆற்றங்கரையில் நாம் எந்தப் பாத்திரத்தை ஏற்றோம் என்பதை அவரவர் மனமே சொல்லட்டும்.

பிறரைக் குறை கூறி முடிப்பது எளிது. ஆதலின் என் கணக்கையும் உங்கள்முன் வைக்கிறேன். எங்கள் சபையின் பெயரைச் சொல்லமாட்டேன். குற்றம் அதனுடையதன்று, அதன் குழுவில் இருந்த சிலருடையது. அவர்களில் நான் ஒருவன்.

எங்கள் ஆலய வளாகத்தில் ஒரு கிணறும், ஏழு வேம்புகளும், தெற்கு மதிலோரம் சில பனைகளும் நின்றன. தெற்கத்திச் சபைகளில் ஆண்டுதோறும் அசனம் என்னும் பொது விருந்து நடப்பதை நீங்கள் அறிவீர்கள். ஊர் முழுவதும் சேர்ந்து அரிசியும் ஆடும் கொடுத்து, சமைத்து, வேறுபாடின்றி வரிசையாக அமர்ந்து உண்பது. என் சிறு வயதில் பனையோலைப் பட்டையில் சோறு வாங்கி உண்ட நினைவு உண்டு. வாகனம் நிறுத்த இடமில்லை, மழையில் சேறாகிறது, இலை உதிர்ந்து குப்பையாகிறது என்று சொல்லி, மரங்களை வெட்டி வளாகம் முழுவதும் சிமெண்டுத் தளம் போடத் தீர்மானம் வந்தது. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. நானும் கையொப்பமிட்டேன். மனத்தில் ஒரு நெருடல் இருந்தது. கூட்டத்தில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. தளம் போட்ட அன்று வளாகம் துடைத்து வைத்த தாம்பாளம்போல் இருந்தது. எல்லாரும் பாராட்டினர்.

அவ்வாண்டு அசனத்தின்போது பிற்பகல் இரண்டு மணி கடந்தது. முதற் பந்திகள் கொட்டகையின்கீழ் முடிந்தன. கடைசிப் பந்திக்குச் சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் பாத்திரம் தேய்த்த பெண்களும் வந்தனர். கொட்டகைக்குள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கைகழுவி வந்த மூதாட்டி ஒருவர், கொதிக்கும் தளத்தில் கால்மாற்றி நின்றபடி என்னைப் பார்த்து, "தம்பி, வேம்பு நின்ன எடத்துலதான் நாங்க கடைசிப் பந்தி இருப்போம். இனி எங்க இருக்கிறது?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. இடம் எங்கே என்று தெரிந்துகொள்ளவே கேட்டார். என்னிடம் விடை இல்லை. அவர்கள் உணவை வாங்கிக்கொண்டு மதிலின் ஒடுங்கிய நிழலில் நின்றவாறே உண்டனர்.

அடுத்த இரு கோடைகளுக்குள் கிணறும் வறண்டது. வளாகத்தில் விழுந்த மழை ஒரு துளியும் மண்ணுக்குள் இறங்காமல் தெருச் சாக்கடைக்கு ஓடியது. கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பை அரசு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கியிருந்தது. கூரைநீரை இறக்க ஒரு குழாய் எங்களிடமும் இருந்தது. அது இறங்கும் இடத்தை நாங்களே பூசி அடைத்திருந்தோம். ஞானஸ்நானத்திற்குத் தண்ணீரைப் பிளாஸ்டிக் குடத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்த ஞாயிறன்று, கணக்கு ஒப்புவிக்க அழைக்கப்பட்ட உக்கிராணக்காரன் எங்கோ கிரேக்க மொழியில் இல்லை, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை உணர்ந்தேன்.

அந்த ஞாயிறுக்குப் பின் செய்தவை பெரியவை அல்ல. சொல்வதற்கு வெட்கமாயினும் சொல்கிறேன், ஏனெனில் அன்றாட வாழ்வு என்பது சிறியவற்றால் ஆனது. குழுவில் எழுந்து என் தவறைச் சொன்னேன். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் தளத்தின் ஒரு பகுதியைப் பெயர்த்து, கூரைநீரைக் கிணற்றுக்குத் திருப்பினோம். மூன்று வேம்புக் கன்றுகள் வைத்தோம். அசனத்திற்குப் பிளாஸ்டிக் விரிப்பும் குவளையும் வேண்டா என்று பெண்கள் சங்கம் முடிவு செய்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கிற்கு அரசின் தடை 2019 சனவரி முதல் நாளே நடைமுறைக்கு வந்திருந்தது. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதற்கும், அப்பம் பிட்கும் மேசைக்கு இது தகாது என்று உணர்ந்து செய்வதற்கும் வேறுபாடு உண்டு. அறுப்பின் பண்டிகையில் காய்கறியும் கோழியும் ஏலம் விடுவதோடு, புரட்டாசியில் பொறுக்கிய பனங்கொட்டைகளையும் படைக்கத் தொடங்கினோம். மழைக்கு முன் அவற்றைக் குளக்கரையில் ஊன்றுகிறோம்.

பனங்கொட்டை ஊன்றுவதில் ஒரு பாடம் இருக்கிறது. வாழை வைத்தால் அடுத்த ஆண்டு குலை தரும். பனை பாளை விட ஏறத்தாழ பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். என் வயதில் ஊன்றுகிறவன் அதன் பதநீரைக் குடிக்கப்போவதில்லை. கடைசிப் பந்திக்கு எடுத்துவைப்பது என்பதன் பொருளை எனக்கு விளக்கியது அந்தக் கொட்டைதான்.

உலகத் திருச்சபையும் இத்திசையில் திரும்பியிருக்கிறது. 1979-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 1989-இல் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை முதலாம் திமேத்ரியோஸ், செப்டம்பர் முதல் நாளைப் படைப்புக்காக வேண்டுதல் செய்யும் நாளாக வழங்கினார். 2015-இல் போப்பாண்டவர் பிரான்சிஸ், பூமியின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை வலியுறுத்தி ஒரு சுற்றுமடலே எழுதினார். ஆனால் ரோமாபுரியிலிருந்து வரும் மடல் எங்கள் வளாகத்துக் கிணற்றை நிரப்பாது. அதை நிரப்ப வேண்டியது வளாகத்திற்குள் இருக்கும் கை. சூன் 5-ஆம் நாள் ஒரு மரக்கன்றை வைத்து நிழற்படம் எடுத்துக்கொண்டு, சூன் 6-ஆம் நாள் அதற்குத் தண்ணீர் ஊற்ற மறப்பவர்களால் தோட்டம் காக்கப்படுவதில்லை. காத்தல் என்பது விழாவின் வினை அன்று; நாள்தோறும் செய்யும் வேலையின் வினை.

இந்த அவையில் பல சமயத்தவர் இருக்கிறீர்கள். நான் என் வீட்டு உக்கிராணக் கணக்கை மட்டுமே பேசினேன். உங்கள் வீடுகளிலும் இதே அறை உண்டு. சாவியின் பெயர் வேறாக இருக்கலாம். குறிஞ்சி முதலாக நிலத்தைப் பகுத்து, நிலத்தோடு மனித ஒழுக்கத்தையும் இணைத்துப் பாடிய மொழி நம் மொழி. அம்மொழியைப் பேண ஒரு வட்டம் அமைத்துப் பத்தாண்டு உழைத்திருக்கிறீர்கள். அம்மொழியில் பேசப்பட்ட நெய்தலும் மருதமும் பாட்டில் மட்டும் எஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இவ்வட்டத்தின் பணியில் அடங்கும் என்று பணிவுடன் விண்ணப்பிக்கிறேன்.

எங்கள் வளாகத்து வேம்புகள் மூன்றில் இரண்டு பிழைத்தன. இப்போது என் தோள் உயரம். நிழல் இன்னும் இருவர் அமரக்கூட போதாது. கேள்வி கேட்ட அந்த மூதாட்டி இன்று இல்லை. அவர் பேத்தி சென்ற அசனத்தில் பாத்திரம் தேய்த்துவிட்டு, இலையை எடுத்துக்கொண்டு, இரண்டு கன்றுகளில் பெரியதன் அருகே போய் அமர்ந்தாள். கால் நிழலிலும் தலை வெயிலிலும் இருந்தன. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் நிழல் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.